ஒரு வரி பாலிஸ்டிக்ஸ் அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஒரு கொலை வழக்கில் சம்பவ இடத்தில் கிடைத்த காலித் தோட்டா உறையும், எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரிடம்) கைப்பற்றிய நாட்டுத் துப்பாக்கியும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கின்றன. "மேற்படி தோட்டா மேற்படி துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டது" என்று ஒரே வரியில் அறிக்கை வந்திருக்கிறது. இது கைரேகை மாதிரி உறுதியான சாட்சியமா? ஜூனியர் வக்கீலாக நான் இதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

அந்த ஒரு வரி சரியாகவே இருக்கலாம். துப்பாக்கித் தடயப் பிரிவில் நீண்ட காலம் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் துறைக்கு உறுதியான அடித்தளம் உண்டு. கடினமான உலோகம் மென்மையான உலோகத்தில் அழுந்தினால் தடம் விழும். விழுந்த தடத்தை இன்னொரு தடத்தோடு ஒப்பிடலாம். ஆனால் ஒரு நிபுணர் கண்டது இன்னொரு நிபுணருக்கும் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் வரி முடிவை மட்டும் சொல்கிறது. எதைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்று சொல்லவில்லை. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த பெரிய தவறுகள் அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கின்றன.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பத்திரிகைகளில் தோட்டா, குண்டு, புல்லட் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். நீதிமன்றத்தில் அது ஆபத்து. தோட்டா என்பது முழுப் பொருள்: உறை, அடியில் பிரைமர் (அடி விழுந்ததும் தீப்பொறி தரும் சின்ன மூடி), உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்டதும் குண்டு குழல் வழியாகப் பறந்துவிடும், உறை மிஞ்சும். குண்டில் விழும் தடங்கள் வேறு, உறையில் விழும் தடங்கள் வேறு. இரண்டின் பலமும் வேறு. உங்கள் வழக்கில் கிடைத்தது உறை. அதனால் நாட்டுத் துப்பாக்கி என்றாலும், குழல் வாய் வழியாகக் கருமருந்து கெட்டித்து பால்ரஸ் போட்டுச் சுடுகிற வகை இது இல்லை. பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற வகை. மகஜரில் (பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில்) துப்பாக்கியின் விவரிப்பு இதோடு பொருந்துகிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

குண்டில் தடம் எப்படி விழுகிறது என்பதற்கு வீட்டு உதாரணம் ஒன்று போதும். தேன்குழல் பிழிந்திருக்கிறீர்களா? அச்சின் துளையில் சின்னப் பிசிறு ஒன்று இருந்தால், பிழிகிற ஒவ்வொரு தேன்குழலிலும் அதே இடத்தில் ஒரு கோடு நீளமாக ஓடும். துப்பாக்கிக் குழலும் அப்படித்தான். ரைபிள், பிஸ்டல், ரிவால்வர் குழல்களுக்கு உள்ளே போல்ட்டின் மரை மாதிரி, ஆனால் மிகவும் சாய்வாக, புரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு சுழன்று நேராகப் போவதற்காகச் செய்த ஏற்பாடு அது. குண்டு குழலை விடச் சற்றுப் பெரியது. நெருக்கிக்கொண்டு வெளியே வரும்போது புரிகளின் மேடும் பள்ளமும் அதன் உடம்பில் பதியும். அந்த மேடு பள்ளங்களுக்குள் குழலின் நுண்ணிய பிசிறுகளும் மெல்லிய கோடுகளாகப் பதியும்.

இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. எத்தனை புரி, இடப்பக்கம் சுழல்கிறதா வலப்பக்கமா, புரியின் அகலம் என்ன என்பவை தொழிற்சாலை தீர்மானிப்பவை. பழைய கோல்ட் நிறுவனத் துப்பாக்கிகளில் ஆறு புரி, இடப்பக்கச் சுழற்சி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஐந்து, வலப்பக்கம். இவை ஒத்துப்போனால் "இந்த வகைத் துப்பாக்கி" என்று மட்டும் சொல்லலாம். ஒத்துப்போகவில்லை என்றால் "இது அல்லவே அல்ல" என்று அடித்துச் சொல்லலாம். விலக்குவதற்கு வகை அடையாளம் போதும். சேர்ப்பதற்குப் போதாது. அதற்கு அந்த ஒரு குழலுக்கே உரிய பிசிறுக் கோடுகள் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அனுபவசாலிகளும் அதில் விழுந்திருக்கிறார்கள். தேன்குழல் உதாரணத்துக்கே திரும்புவோம். ஒரே பட்டறையில், ஒரே மழுங்கிய ட்ரில்லை வைத்து ஒரே நாளில் ஐம்பது அச்சு செய்திருந்தால், அந்த ட்ரில்லின் குறை ஐம்பதிலும் இருக்கும். வாங்கியவர் அதைத் தன் வீட்டு அச்சுக்கே உரிய குறை என்று நினைப்பார். அடுத்த தெருவிலும் அதே கோடு உண்டு. துப்பாக்கித் தயாரிப்பிலும் இது நடக்கிறது. ஒரே வெட்டுக் கருவியால் அடுத்தடுத்துச் செய்த பாகங்களில் சில குறிகள் பொதுவாக வரும். "நீங்கள் ஒத்துப்போவதாகச் சொல்லும் குறி இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் உரியது என்று எப்படித் தீர்மானித்தீர்கள்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும். நல்ல நிபுணருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், ஏனென்றால் அவரிடம் பதில் இருக்கும்.

கோடுகள் தற்செயலாகவும் ஒத்துப்போகும் என்பதை மறக்கக் கூடாது. ஆல்ஃபிரட் பயசோட்டி 1959-ல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் எங்கள் துறையில் பாடம். .38 (குழல் அளவைக் குறிக்கும் எண்) ரிவால்வர்களிலிருந்து சுட்ட குண்டுகளில் கோடுகளை எண்ணிப் பார்த்தார். வெவ்வேறு துப்பாக்கிகளின் குண்டுகளிலும் 15 முதல் 20 சதவீதக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தின. ஆக "சில கோடுகள் பொருந்துகின்றன" என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரே துப்பாக்கியின் குண்டுகளில் பொருந்தும் கோடுகள் இடைவெளி விடாமல் கொத்தாக, அடுத்தடுத்து வந்தன. வேறு வேறு துப்பாக்கி என்றால் அந்தத் தொடர்ச்சி சீக்கிரம் அறுந்துவிடும். கண்ணின் உணர்வை எண்ணிக்கைக்குக் கொண்டுவர நடந்த நல்ல முயற்சிகளில் அது ஒன்று.

இப்போது இரண்டு மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். இவர்கள் வழக்குகளைத் தெரிந்துகொண்டால் உங்கள் ஒரு வரி அறிக்கையை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

1915-ல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் ஷெல்பி என்ற ஊரில் ஒரு முதிய பண்ணையாரும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பண்ணை வேலைக்காரர் சார்லஸ் ஸ்டீலோ கைதானார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடம் .22 ரிவால்வர் ஒன்று இருந்தது. ஆல்பர்ட் ஹாமில்டன் என்பவர் தன்னை நிபுணர் என்று அழைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். ரிவால்வரின் வாய்ப்பகுதியில் ஒன்பது கீறல்கள் இருப்பதாகவும், கொலைக் குண்டுகளிலும் அதே ஒன்பது கீறல்கள் இருப்பதாகவும் சொன்னார். அவர் கொண்டுவந்த புகைப்படத்தில் கீறல் எதுவும் தெரியவில்லை. தவறுதலாகக் குண்டின் மறுபக்கத்தைப் படமெடுத்துவிட்டதாக விளக்கம் கொடுத்தார். நடுவர் குழு (ஜூரி) அதை ஏற்றுக்கொண்டது. ஸ்டீலோவுக்கு மரண தண்டனை. மின்சார நாற்காலிக்கான நேரம் நெருங்கிய பிறகுதான் அது நிறுத்தப்பட்டது. பிறகு மாநில ஆளுநர் மறுவிசாரணைக்கு ஏற்பாடு செய்தார். சார்லஸ் வெயிட் என்ற புலனாய்வாளர், பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் ஒளியியல் நிபுணர் மேக்ஸ் போசரிடம் குண்டுகளைக் காட்டினார். அந்த ஒன்பது கீறல்கள் எங்கேயும் இல்லை. குண்டுகளில் பதிந்திருந்த புரிகளின் அமைப்பே ஸ்டீலோவின் துப்பாக்கியோடு ஒத்துப்போகவில்லை. 1918-ல் அவர் விடுவிக்கப்பட்டார்.

அந்த வழக்கு வெயிட்டை உலுக்கிவிட்டது. இந்த வேலையை முறையாகச் செய்ய வேண்டும் என்று தொழிற்சாலை தொழிற்சாலையாக அலைந்து துப்பாக்கிகளின் அளவுகளைச் சேகரித்தார். 1920-களின் நடுவில் கால்வின் காடர்ட், பிலிப் கிரேவெல், ஜான் ஃபிஷர் ஆகியோரோடு சேர்ந்து நியூயார்க்கில் ஒரு ஆய்வகம் தொடங்கினார். கிரேவெல்தான் ஒப்பீட்டு மைக்ரோஸ்கோப்பைக் குண்டுகளுக்குப் பயன்படும்படி அமைத்தவர். இரண்டு மைக்ரோஸ்கோப்பை ஒரே கண்வில்லையில் பாலம் போட்டு இணைத்தது அது. இடப்பாதியில் ஒரு குண்டு, வலப்பாதியில் இன்னொரு குண்டு, நடுவில் மெல்லிய கோடு. ஒன்றைச் சுழற்றிக்கொண்டே வந்தால், ஒரே துப்பாக்கி என்றால் ஒரு இடத்தில் இரண்டு பக்கக் கோடுகளும் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றாக ஓடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு குண்டைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, அடுத்ததைப் பார்த்து ஒப்பிடும் பழைய வேலை அதோடு முடிந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கலாம், படமும் எடுக்கலாம், படத்தை எதிர்த்தரப்புக்கும் காட்டலாம். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கிடைத்த உறைகளையும் குண்டுகளையும் காடர்ட்தான் ஆராய்ந்தார். போலீஸ் வேடத்தில் வந்து சுட்டிருந்ததால் உண்மையான போலீஸ் மேலேயே சந்தேகம் இருந்தது. பிறகு மிச்சிகனில் ஒரு வீட்டில் சிக்கிய தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளோடு அவை பொருந்தின.

சரி, கருவி வந்துவிட்டது, இனி ஸ்டீலோக்கள் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். எழுபது வருடம் கழித்து அலபாமாவில் ஆந்தணி ரே ஹின்டன் சிக்கினார். 1985-ல் பர்மிங்ஹாம் பகுதியில் இரண்டு உணவக மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்றாவது சம்பவத்தில் சுடப்பட்டவர் பிழைத்து, ஹின்டனின் படத்தை அடையாளம் காட்டினார். அந்தச் சம்பவ நேரத்தில் ஹின்டன் ஒரு கிடங்கில் இரவு வேலையில் இருந்ததாகச் சொன்னார். போலீஸ் அவருடைய அம்மாவின் வீட்டிலிருந்து .38 ரிவால்வர் ஒன்றை எடுத்துப் போனது. மூன்று சம்பவங்களிலும் சேர்த்து ஆறு குண்டுகள். ஆறும் அந்த ரிவால்வரிலிருந்து வந்தவை என்று அரசுத் தரப்பு நிபுணர்கள் இருவர் சொன்னார்கள். இரண்டு கொலைகளோடும் அவரை இணைத்த ஒரே பொருள் சாட்சியம் அதுதான்.

அவருடைய வக்கீல், நிபுணருக்காக நீதிமன்றம் 1,000 டாலருக்கு மேல் தராது என்று நம்பினார். சட்டம் அதற்கு முன்பே மாறியிருந்தது, கேட்டிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்துக்குக் கிடைத்தவர் ஒரு கண்ணில் பார்வை இல்லாத ஒரு பொறியாளர். ஆய்வகத்தில் ஒப்பீட்டு மைக்ரோஸ்கோப்பை இயக்கவே சிரமப்பட்டதைக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் சொன்ன முடிவு சரி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு நடுவர்கள் அவரை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஹின்டனுக்கு மரண தண்டனை. 2002-ல் மூன்று அனுபவசாலி நிபுணர்கள் அதே குண்டுகளைப் பார்த்துவிட்டு, இவை அந்த ரிவால்வரிலிருந்து வந்தவை என்று சொல்ல வழியில்லை என்றார்கள். அந்த மூவரில் இருவர் வழக்கமாக அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்கிறவர்கள். 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டம் தெரியாமல் வக்கீல் நல்ல நிபுணரைத் தேடாமல் விட்டது சரியான சட்ட உதவி ஆகாது என்றது. 2015 ஏப்ரல் 3 அன்று ஹின்டன் வெளியே வந்தார். உள்ளே போனபோது வயது 29. கிட்டத்தட்ட முப்பது வருடம் சிறையில் போய்விட்டது.

இந்த வழக்கை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். குண்டுகள் ஆவணக் காப்பில் அப்படியேதான் இருந்தன. யாராவது தகுதியான ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

இனி எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் "கைரேகை மாதிரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி 2009-ல் வெளியிட்ட அறிக்கை, துப்பாக்கி மற்றும் கருவித் தட ஒப்பீட்டுக்கு நிபுணரின் சொந்தத் தீர்ப்பைத் தாண்டிய வரையறுக்கப்பட்ட முறை இல்லை என்று விமர்சித்தது. 2016-ல் அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, தேடிப் பார்த்ததில் சரியாக வடிவமைக்கப்பட்ட ஒரே ஒரு ஆய்வைத்தான் கண்டது. ஏம்ஸ் ஆய்வகம் செய்தது. 25 புதிய ருகர் பிஸ்டல்கள், 218 நிபுணர்கள், தோட்டா உறைகள். வேறு வேறு துப்பாக்கியின் உறைகளை "ஒரே துப்பாக்கி" என்று தவறாகச் சொன்னது 22 தடவை. முடிவு சொன்ன ஒப்பீடுகளில் கணக்கிட்டால் 66-க்கு ஒன்று. புள்ளியியல் எச்சரிக்கையோடு பார்த்தால் 46-க்கு ஒன்று வரை இருக்கலாம் என்றது குழு.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் நீதிமன்றத்தில் அப்படியே வீசாதீர்கள். அதன் உள்ளே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த 22 தவறுகளில் 20-ஐச் செய்தது ஐந்தே பேர். மீதி இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து வந்தவை வெறும் இரண்டு. அதனால் துறையின் சராசரி உங்களுக்குப் பெரிதாக உதவாது. உங்கள் அறிக்கையில் கையெழுத்திட்டவர் எந்தப் பக்கம், அவர் வேலையை இரண்டாவது ஆள் சரிபார்த்தாரா என்பதுதான் முக்கியம். இரண்டாவது, அந்த ஆய்வில் வேறு வேறு துப்பாக்கியின் உறைகளை ஒப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு "முடிவு சொல்ல இயலவில்லை" என்று பதில் வந்தது. அதைச் சரி என்று கணக்கில் சேர்ப்பதா, விட்டுவிடுவதா, தவறு என்று எடுப்பதா என்பதில் இன்றும் சண்டை. என் அபிப்பிராயம் இது: சோதனையில் தயக்கம் காட்டுகிற நிபுணர் வழக்கிலும் தயங்குகிறாரா என்று தெரியாதவரை அந்த எண்ணிக்கைகளில் எதையும் முழுசாக நம்ப முடியாது. 2023-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், குண்டில் உள்ள தடங்கள் அந்தத் துப்பாக்கியோடு பொருந்துகின்றன அல்லது பொருந்தவில்லை என்ற அளவில் நிபுணர் நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும், "இதே துப்பாக்கிதான்" என்று திட்டவட்டமாகச் சொல்ல அனுமதித்தது தவறு என்றது. எனக்கு அந்த எல்லை நியாயமாகவே படுகிறது.

நம் ஊர் நிலைமை இந்த ஆய்வுகளில் வராத ஒன்று. புத்தகங்கள் தொழிற்சாலைத் துப்பாக்கியை வைத்து எழுதப்பட்டவை. நம்மிடம் வருவதில் பட்டறையில் அடித்த துப்பாக்கிகள் நிறைய. குழலில் புரியே இருக்காது. வெறும் பைப்பாக இருக்கும். அதிலிருந்து போன குண்டிலோ சில்லுகளிலோ ஒப்பிட உருப்படியாக எதுவும் கிடைப்பது அரிது. ஆனால் உறை வேறு கதை. சுடும்போது பிரைமரை அடிக்கும் ஊசி அநேகமாக அரத்தால் ராவிய ஆணியோ போல்ட்டோதான். வெடித்ததும் உறை பின்னால் போய் மோதும் சுவரும் அரத்தால் ராவியது. கையால் ராவியதால் ஒன்று போல் இன்னொன்று வராது. அந்த ராவல் கோடுகள் பித்தளையில் முத்திரை போல ஆழமாக விழும். அந்த வகையில் நாட்டுத் துப்பாக்கியின் உறை, தொழிற்சாலைத் துப்பாக்கியின் உறையை விட நல்ல சாட்சி.

மறுபக்கமும் உண்டு. பாகங்கள் தளர்வாக ஆடும். ஊசி ஒரு தடவை நடுவில் அடிக்கும், அடுத்த தடவை ஓரத்தில் அடிக்கும். மண்ணில் புதைத்து வைத்திருந்தால் துரு ஏறிப் பழைய குறி அழிந்து புதுக் குறி வந்திருக்கும். அதனால் ஆய்வகத்தில் ஒரே ஒரு சோதனைத் தோட்டா சுட்டு முடிவெடுப்பது சரியல்ல. முதலில் சோதனை உறைகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டு, எந்தக் குறி ஒவ்வொரு தடவையும் மாறாமல் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மாறாத குறி சம்பவ இடத்து உறையில் இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. குழல் வெடித்துவிடும் அபாயம் இருந்தால் குண்டையும் மருந்தையும் எடுத்துவிட்டு பிரைமரை மட்டும் அடிக்க வைப்பதும் உண்டு. அப்போது ஊசி விழுந்த குழி கிடைக்கும், ஆனால் உறை பின்சுவரில் மோதும் வேகம் இருக்காது, அந்தக் கோடுகள் சரியாகப் பதியாது. எத்தனை சோதனை, எப்படிச் செய்தது என்று குறிப்பேட்டில் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

கருவித் தடங்களுக்கும் இதே நியாயம்தான். பீரோவை நெம்பிய கடப்பாரை, பூட்டைத் திருப்பிய ஸ்க்ரூடிரைவர், கம்பியை வெட்டிய கட்டிங் பிளேயர் எல்லாம் தன் நுனியின் பிசிறை விட்டுச் செல்லும். ஆய்வகத்தில் ஈயத் தகட்டில் வெவ்வேறு கோணத்தில் சோதனைத் தடம் எடுப்போம். ஈயம் மென்மையானதால் கருவியின் முனை கெடாது. கோணம் மாறினால் கோடுகளின் இடைவெளியே மாறிவிடும். அப்புறம் ஒன்று: கைப்பற்றிய கடப்பாரையைச் சம்பவ இடத்துக்கே எடுத்துப் போய், கதவில் இருக்கும் தடத்தில் வைத்துப் "பொருந்துகிறதா" என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தக் கணமே சாட்சியம் செத்துவிடும். செருப்புத் தடத்தில் செருப்பை வைத்துப் பார்ப்பதும் அப்படியே.

கருவித் தட வேலையில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது லிண்ட்பெர்க் வழக்கின் மர ஏணி. 1932 மார்ச் 1 இரவு நியூ ஜெர்ஸியில் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது. கடத்தியவன் கையால் செய்த ஏணி ஒன்றை விட்டுப் போனான். ஆர்தர் கோலர் என்ற மர அறிவியலாளர், பலகையில் மில்லின் இழைப்பு இயந்திரம் விட்ட அலைகளை அளந்தார். அகலப் பக்கத்தை எட்டுக் கத்தியும் ஓரத்தை ஆறு கத்தியும் இழைத்திருக்கின்றன, ஒரு கத்தியில் குறை இருக்கிறது என்று கணக்குப் போட்டார். 1,500-க்கும் மேற்பட்ட மில்களுக்குக் கடிதம் எழுதினார். தென் கரோலினாவில் ஒரு மில், அங்கிருந்து மரம் போன கடைகள் என்று தேடி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு மரக்கடை வரை வந்துவிட்டார். கடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஹாப்ட்மன் 1934-ல் பிடிபட்ட பிறகு, அவர் வீட்டு இழைப்புளியின் கத்திக் குறை ஏணியில் இருந்த இழைப்புத் தடத்தோடு பொருந்தியது. பரணில் காணாமல் போன பலகைக்கும் ஏணியின் ஒரு சட்டத்துக்கும் ஆணித் துளைகளும் மர ரேகையும் ஒத்தன. அந்த வழக்கின் மற்ற பகுதிகளைப் பற்றி இன்றும் விவாதம் இருக்கிறது. கோலரின் வேலையை நான் மதிப்பது, ஒவ்வொரு படியையும் அளவோடும் படத்தோடும் வைத்துவிட்டுப் போனதற்காக.

செருப்பு, டயர் தடங்களில் நான் இன்னும் எச்சரிக்கையாக இருப்பேன். அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கில் ரத்தத்தில் பதிந்த காலணித் தடம் புரூனோ மாலி நிறுவனத்தின் 12-ஆம் அளவுக் காலணி என்று கண்டார்கள். அமெரிக்காவில் அந்த அளவில் விற்றது 299 ஜோடிதான். வகை அடையாளம் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் நம் தெருவில் ஓடும் ரப்பர் செருப்புக்கு அந்த மதிப்பு கிடையாது. தேய்மானம், வெட்டு, குத்திய முள் இவற்றை வைத்து "இதே செருப்பு" என்று சொல்லும் முறைக்குத் துல்லியத்தை நிரூபிக்கும் ஆய்வு இல்லை என்று அந்த 2016 குழு சொன்னது.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். அரசு ஆய்வக அறிக்கை, நிபுணர் நேரில் வராமலே சாட்சியமாகப் பதிவாகலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 293, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா பிரிவு 329. ஆனால் அதே பிரிவு நிபுணரை அழைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. மனுப் போட்டு அழையுங்கள். ஒப்பீட்டு மைக்ரோஸ்கோப் படங்கள், பணிக் குறிப்புகள், சோதனை உறைகளின் எண்ணிக்கை, இரண்டாவது நிபுணர் சரிபார்த்த கையெழுத்து ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த இரண்டாவது ஆளுக்கு முதல் ஆளின் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்றும் கேளுங்கள். சொற்களின் எடை எவ்வளவு என்பதற்கு ஜெஸிகா லால் வழக்கு இருக்கிறது. 1999-ல் டெல்லியில் நடந்த கொலை. துப்பாக்கி கடைசி வரை கிடைக்கவில்லை. இரண்டு .22 உறைகள் மட்டும் இருந்தன. அவை வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டவை போலத் தெரிகிறது என்று ஒரு நிபுணர் கருத்து வந்தது. அதை வைத்து இரண்டு பேர் சுட்டார்கள் என்ற வாதம் எழுந்தது. 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மனு சர்மாவை விடுதலை செய்தது, அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, 2010-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

கடைசியாக, மைக்ரோஸ்கோப்பால் ஒருபோதும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. உறை இந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்று அது காட்டும். எந்தத் தேதியில் சுடப்பட்டது என்று காட்டாது. கைப்பற்றிய துப்பாக்கியில் பிறகு ஒரு தோட்டாவைச் சுட்டு அந்த உறையைச் சம்பவ இடத்து உறை என்று அனுப்பினாலும் ஒப்பீடு அச்சு அசலாகப் பொருந்தும். நிபுணர் பொய் சொல்லவே வேண்டியதில்லை. 1958-ல் கலுவா வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டுத் துப்பாக்கியோடு உறை பொருந்தியதை முக்கியமாக எடுத்துக்கொண்டு தண்டனையை உறுதி செய்தது. அங்கே இறந்தவரின் கட்டில் பக்கத்தில் உறை முதலில் கிடைத்தது, துப்பாக்கி அதன் பிறகுதான் கிடைத்தது. அதனால் மகஜரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உறை கிடைத்த தேதி, அன்றே சீல் வைத்தார்களா, அதில் யார் கையெழுத்து, நீதிமன்றத்துக்கு எப்போது போனது, துப்பாக்கி எந்தத் தேதியில் கைப்பற்றப்பட்டது, இரண்டும் ஆய்வகத்துக்கு ஒரே பார்சலில் போனதா, ஆய்வகம் வாங்கும்போது சீல் உடையாமல் இருந்ததாக எழுதியிருக்கிறதா. துப்பாக்கி கிடைப்பதற்கு முன்பே உறை சீலோடு நீதிமன்றத்துக்கு வந்திருந்தால், உங்கள் கட்சிக்காரருக்கு எதிரான பலமான சாட்சியம் அது, அதை மனதில் வைத்து வழக்கை நடத்துங்கள். துப்பாக்கி கிடைத்த பிறகும் பல நாள் உறை சீல் இல்லாமல் ஸ்டேஷனில் கிடந்திருந்தால், உங்கள் முதல் கேள்வி நிபுணருக்கு இல்லை, விசாரணை அதிகாரிக்கு.